மூடுவதற்கு முன்னால்

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல நம் நாட்டில் ஆள் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. வாசற்படி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், சமையலறை எந்த மூலையில் அமைய வேண்டும் என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். ஆனால், கிருகப் பிரவேசத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நாலு பேர் ஏணியில் ஏறி நின்று தலைக்கு மேலே தகரக் குழாய்களை மாட்டுகிறார்களே, அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இந்த வாரம் நாம் முன்வந்திருக்கிறோம்.

நாம் குறிப்பிடுவது, வீடு முழுவதற்கும் ஒரே யந்திரத்திலிருந்து குளிர் காற்று அனுப்பும் ஏற்பாட்டை. அமெரிக்க வீடுகளில் இந்த யந்திரம் பரணிலோ நிலவறையிலோ இருப்பது சர்வ சகஜம். சென்னை முதலிய நகரங்களிலும் புதிதாகக் கட்டும் சில வீடுகளில் இது குடியேறிவிட்டது. மேல் தளத்துக்கும், அதன் கீழே அழகுக்காகக் கட்டும் ஃபால்ஸ் ஸீலிங்குக்கும் நடுவில் அது தொங்குகிறது. அதற்குள் ஒரு விசிறி, குளிர்ந்த சுருள் குழாய், தூசியைப் பிடிக்கும் வடிகட்டி ஆகியவை உண்டு. அறைகளிலுள்ள காற்றை இழுத்து, குளிரச் செய்து, ‘டக்ட்’ என்னும் காற்றுக் குழாய்களின் வழியாகத் திரும்ப அனுப்புவது அதன் வேலை. எல்லாம் மாட்டி முடிந்ததும் கீழே பலகையை அடித்து, வர்ணம் பூசி மூடிவிடுகிறார்கள். பிறகு உள்ளே என்ன நடக்கிறதென்பது பகவானுக்குத்தான் வெளிச்சம்.

நமது நண்பர் ஒருவர் வீட்டில், குடி புகுந்த மூன்றாம் மாதம் கூடத்தில் மழை பெய்தது. வெளியில் சித்திரை வெயில்! ஸீலிங்கைப் பிரித்துப் பார்த்ததில், ஜலம் வடிய வேண்டிய குழாய் யந்திரத்தை நோக்கியே சரிந்திருந்தது தெரிந்தது. மூடுவதற்கு முன் ஒரு செம்பு ஜலத்தை ஊற்றிப் பார்த்திருந்தால், பிரித்து மறுபடி கட்டும் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆகையால் நாம் சொல்லும் ஆலோசனை ஒன்றே: மூடுவதற்கு முன்னால் பாருங்கள். ஜலம் போகும் வழி, காற்று வரும் வழி, மின்சாரம் போகும் வழி, மனிதன் போகும் வழி ஆகிய நான்கையும் பாருங்கள்.

முதலில் ஜலம். 1902-ம் வருஷம் அமெரிக்காவில் புரூக்ளினிலிருந்த அச்சுக்கூடம் ஒன்றில், காற்றிலுள்ள ஈரத்தினால் காகிதம் விரிந்தும் சுருங்கியும், வர்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் தொல்லை கொடுத்தது. அதைத் தீர்ப்பதற்காகவே வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினியர் தமது ஏற்பாட்டை வகுத்தார். மனிதருக்குச் சுகம் தருவதல்ல, காகிதத்தைக் காப்பதே நோக்கம். பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இதில் சற்றுப் பெருமைதான்! காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவது இவ்வாறு இந்த யந்திரத்தின் பிறவிக் குணம். கடற்கரைப் பட்டணங்களில் அது மணிக்குச் சில லிட்டர் ஜலம்கூட வடிக்கும்.

வடிகுழாய்க்கு அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும் என்கின்றன அமெரிக்கக் கட்டட விதிகள். சரிவு மட்டும் போதாது. விசிறி உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சும்போது, வடிகுழாய் வழியாகவும் வெளிக்காற்று மேலேறி ஜலத்தைத் தடுத்து நிறுத்தும். அதற்காகவே குழாயில் ஒரு வளைவு அமைத்து, அதில் எப்போதும் ஜலம் தேங்கி நிற்கும்படி செய்வது வழக்கம். இந்தக் குழாயைக் கழிவு நீர்க் குழாயோடு நேராக இணைத்துவிடுவோரும் உண்டு. வளைவிலுள்ள ஜலம் வற்றினால், சாக்கடையின் மணம் வீடெல்லாம் விநியோகமாகும்! யந்திரத்தின் அடியில் நாலாபுறமும் அதைவிட அகலமான இரண்டாவது தட்டும், அதில் ஜலம் ஏறினால் தானாகவே யந்திரத்தை நிறுத்தும் மிதவை ஸ்விட்சும் இருப்பது நலம். செம்பு செம்பாகத் தட்டில் ஜலம் ஊற்றி, அது வெளியே வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.

அடுத்தது காற்று. இதுதான் உயிர் நிலையான விஷயம். யந்திரம் காற்றை உற்பத்தி செய்வதில்லை. ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் கொடுக்கிறது. ஒரு டன் சக்திக்கு நிமிஷத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். 3 டன் யந்திரமானால் 1,200 கன அடி. இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? அறைகளிலிருந்து காற்று திரும்பி வரத் தனி வழி ஒழுங்காக அமைத்திருந்தால், அங்கிருந்து வரும். அந்த வழி அடைபட்டிருந்தாலோ, குழாயில் ஓட்டை இருந்தாலோ, கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் இழுத்துக் கொள்ளும். ஸீலிங்குக்கு மேலுள்ள தூசியும், பல்லி எச்சமும், கார் ஷெட்டின் புகையும் குழந்தைகளின் படுக்கையறைக்கு வந்து சேரும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. குளியலறையில் எரிவாயு கீஸர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். படுக்கையறைக் கதவுகள் மூடியிருக்கின்றன. அவற்றுக்குள் போன காற்று திரும்ப வழியில்லை. யந்திரமோ கூடத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. குறைந்த காற்றை ஈடு செய்ய, வெளியே போக வேண்டிய கீஸர்ப் புகையே வீட்டுக்குள் திரும்பிவிடலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி என்று படுத்தவர் எழுந்திராமலே போகக்கூடும். ஆகவே, காற்றை இழுக்கும் வாய் சமையலறையிலும் குளியலறையிலும் கார் ஷெட்டிலும் கூடாது. ஒவ்வோர் அறையிலிருந்தும் காற்று திரும்ப வழி வேண்டும். எரிவாயு கீஸர் கட்டடத்துக்கு வெளியே இருப்பது உத்தமம். அந்த விஷவாயுவைக் கண்டு மணியடிக்கும் சிறு கருவி ஒன்றும் வாங்கி வையுங்கள்.

குழாய்களின் மூட்டுகளைத் துணி ஒட்டிய டேப்பைச் சுற்றி அடைத்துவிட்டு, “முடிந்தது, ஸார்!” என்பார்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச் சாலையில் 1998-ல் பரீட்சை செய்தபோது தோற்றுப்போனது அந்தத் துணி டேப்தான். பசை போன்ற ‘மாஸ்டிக்’ பூச்சே நெடுநாள் நிற்கும். சாதாரண வீடுகளில் குழாயில் செல்லும் காற்றில் 20 முதல் 30 சதவிகிதம் வரை ஒழுகிப் போகிறதென்று அந்நாட்டு அரசாங்கத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். குழாயின் மேலுறையும் இடைவெளியின்றி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றில் குழாயே வியர்த்துச் சொட்டும்.

மூன்றாவது மின்சாரம். யந்திரத்துக்குத் தனி லைன், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச் ஆகியவை அவசியம். உள்ளே ஒருவர் கை வைத்திருக்கும்போது கீழே மற்றொருவர் ஸ்விட்சைப் போட்டால் விசிறி தயவு தாக்ஷிண்யம் பார்க்காது. ஆகவே வேலை முடியும் வரையில் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ‘கப்பாஸிட்டர்’ என்ற உறுப்பில் சக்தி தங்கியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

நான்காவது மனிதன். வடிகட்டியைக் கழுவவும் தட்டைச் சுத்தம் செய்யவும் ஸீலிங்கில் ஒரு கதவு வேண்டும். அழகு கெடுகிறதென்று அதை விட்டுவிட்டால், பிற்பாடு கோடரியால் கதவு வெட்ட நேரிடும். யந்திரம் கான்கிரீட் தளத்திலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்க வேண்டுமேயல்லாமல், ஸீலிங் சட்டத்தின்மேல் உட்காரக்கூடாது.

வேலை செய்கிற மனிதனையும் கவனியுங்கள். தகரத்தின் விளிம்பு கத்தி போன்றது, கையுறை வேண்டும். கண்ணாடி இழைத் தூள் மூச்சில் போகாமலிருக்க முகமூடி வேண்டும். இந்நாளில் பல யந்திரங்களில் வருகிற ‘ஆர்-32’ வாயு தீப்பற்றக்கூடியதாகையால், நெருப்பு வைத்துக் குழாய் ஒட்டும்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். தீயணைப்பான் பக்கத்திலிருக்க வேண்டும். வெறுங்காலோடு ஏணியில் நிற்கும் அந்தப் பிள்ளையும் இந்தத் தேசத்தின் பிரஜைதான். கூலியில் பேரம் பேசும் நாம், கையுறைக்கும் முகமூடிக்கும் கணக்குப் பார்ப்பது தர்மமல்ல.

இதற்கெல்லாம் அந்நிய நாட்டு விதிகளையே நம்பியிருக்க வேண்டியதில்லை. 2016-ல் நமது தேசத்திலேயே வெளியான தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இந்த வேலைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. “அதன்படி செய்திருக்கிறீர்களா?” என்று கண்டிராக்டரிடம் கேட்பதற்கு எஞ்சினியர் பட்டம் வேண்டாம், கொஞ்சம் தைரியம் இருந்தால் போதும்.

கிருகப் பிரவேசத்தன்று எத்தனையோ போட்டோ எடுக்கிறோம். பலகை அடிப்பதற்கு முதல் நாள், உங்கள் கை டெலிபோனிலேயே மேலே ஒவ்வொரு குழாயையும் கம்பியையும் படம் பிடித்து வையுங்கள். மாலையும் கழுத்துமாக நிற்கும் படங்களை எப்போதாவதுதான் பார்ப்பீர்கள். இந்தப் படங்களோ, ஏதாவது பழுது வந்தால், ஸீலிங்கை எந்த இடத்தில் பிரிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்கும்.