இஞ்சின் போனால் மெஷினையே எடைக்குப் போட வேண்டுமா?

"இஞ்சின் போச்சு சார், புது மெஷின் வாங்கிடுங்க." குடியிருப்போர் சங்கங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் இன்று இதுதான் வேதவாக்கு. சொல்கிறவரே புது மெஷின் விற்கிறவர் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் குடியிருப்பிலும் போன மாதம் இதே கதைதான். புல்வெட்டும் மெஷினின் பிளேடு நன்றாக இருக்கிறது, சக்கரம் உருள்கிறது, சட்டத்தில் துரு இல்லை. வந்தவர் கயிற்றை மூன்று தடவை இழுத்தார், மூடியைக்கூடக் கழற்றாமல் தீர்ப்பு எழுதிவிட்டார். சங்கமும் தலையாட்டியது. முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது ரிப்பேர் இல்லை, சோம்பேறித்தனம். அதற்கு நம் சந்தாப் பணம் போகிறது.

முதலில், போனது இஞ்சின்தானா? டாங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் சும்மா நின்ற மெஷினில் கார்ப்புரேட்டர் ஜெட் பிசின் பிடித்து அடைத்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. அது ஈரத்தை இழுக்கும். பிளேடு கல்லில் மோதி நின்றிருந்தால் பிளைவீல் கீ நசுங்கி, ஸ்பார்க் விழும் நேரம் தவறியிருக்கும். அந்தக் கீ விரல் நுனி அளவுதான். அதற்காக மெஷினையே எறிவது, திரி கருகியதற்கு ஸ்டவ்வை எறிகிற மாதிரி.

சரி, கிராங்க் வளைந்து இஞ்சின் நிஜமாகவே முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பழைய இஞ்சின் ஒன்றைத் தேடி மாட்டலாம். 2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டுக்குப் பயந்து கடைக்குக் கடை வாங்கிய சின்ன ஜெனரேட்டர்கள் எத்தனை இன்று மூலையில் கிடக்கின்றன! மருந்து தெளிக்கும் மெஷின், தண்ணீர் பம்பு என்று நல்ல இஞ்சினோடு காயலான் கடைக்குப் போகிறவையும் உண்டு.

"பழசுக்கு கியாரண்டி ஏது?" என்பார்கள். கியாரண்டி நம் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. பிளேடு தரைக்கு மேலே தட்டையாகச் சுழலும் மெஷினுக்குச் செங்குத்து ஷாஃப்ட் இஞ்சின் வேண்டும். உருளை பிளேடு மெஷினுக்குப் படுக்கை ஷாஃப்ட். ஜெனரேட்டர் இஞ்சினில் ஷாஃப்ட் பெரும்பாலும் கூம்பாக இருக்கும்; பம்பு இஞ்சினில் மரை போட்டிருக்கும். புல்லி மாட்ட, கீ பள்ளம் வெட்டிய நேர் ஷாஃப்ட்தான் சரி. ஹோண்டா ஜிஎக்ஸ்160 இஞ்சின் 163 சிசி. அதைப் பார்த்துச் செய்த சீன இஞ்சின்களும் நிறைய. ஷாஃப்ட் 19.05 மில்லிமீட்டரா, 20 மில்லிமீட்டரா என்று அளந்து வாங்க வேண்டும். கயிற்றை இழுத்தால் கம்ப்ரஷன் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பில்லில் இஞ்சின் நம்பரை எழுதி வாங்குங்கள். திருட்டுச் சாமான் பயமும் தீரும்.

காருக்கும் பைக்குக்கும் புதுப்பேட்டையில் பாகம் தேடிப் பிழைத்த ஊர் இது. அந்தப் பழக்கத்தைக் கௌரவக் குறைச்சல் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? விற்கிறவர்கள்தான். திறந்து பார்த்துச் சரிசெய்யும் மெக்கானிக்குக்கு வேலை கொடுக்காவிட்டால், இன்னும் பத்து வருஷத்தில் கெட்டதைத் திறந்து பார்க்கவே ஆள் இருக்காது. அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் புது மெஷினுக்குக் கை தூக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "மூடியைக் கழற்றிப் பார்த்தீங்களா?"