ஒலிவாங்கியைத் திறக்கும் முன்

மலிவு விலைக் கண்டன்சர் ஒலிவாங்கியைத் திறந்து, உள்ளுறுப்புகளைத் தரமானவையாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் இந்தியாவின் வீட்டு ஒலிப்பதிவுக்கூடங்களிலும் உண்டு. மும்பை லாமிங்டன் சாலையிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் உதிரி உறுப்புகள் கிடைப்பது இதற்குத் துணைசெய்கிறது. தம் கருவியைத் தாமே சீர்செய்யும் இத்துணிவு போற்றத்தக்கது. எனினும், உறுப்பின் விலை உயர்ந்தால் ஒலியின் தரமும் உயரும் என்ற நம்பிக்கை அதனுடன் ஒட்டிக்கொண்டுள்ளது. அது மறுபரிசீலனைக்குரியது.

இவ்வொலிவாங்கிகள் பலவற்றில் முதன்மைக் குறை உறுப்புகளின் பொருத்தமின்மையே. ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1960இல் யு67 ஒலிவாங்கியை வெளியிட்டது. ஒலியலையை ஏற்று அதிரும் சவ்வைக் கொண்ட அதன் கே67 கேப்சூல், மேல் அதிர்வெண்களை இயல்பாகவே மிகுத்துத் தரும். அம்மிகையைத் தணிக்கும் ஏற்பாடு மின்சுற்றில் இருந்தது. பிற்கால மலிவு ஒலிவாங்கிகள் பல, கேப்சூலின் வடிவத்தை நகலெடுத்து, தணிக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டன. சகர, ஷகர ஒலிகள் காதைக் கீறுவது இதனாலேயே. மின்சுற்றில் தணிப்பைச் சேர்ப்பதோ, மிகையற்ற கேப்சூலைப் பொருத்துவதோதான் இதற்குத் தீர்வு. உயர்விலை மின்தேக்கிகளால் இக்குறை நீங்காது.

வேறு சில ஒலிவாங்கிகளில், பருத்த உருளைக்குள் சிறியதொரு எலெக்ட்ரெட் கேப்சூலே இருக்கும். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய அம்முறையில், மின்னேற்றம் கேப்சூலிலேயே நிலைத்திருக்கும். அவ்விடத்தில், புறமின்னேற்றம் வேண்டும் 34 மி.மீ. கேப்சூலை மட்டும் வைத்துப் பயனில்லை. அதற்குரிய மின்னழுத்தம் தரும் மின்சுற்றும் உடன் மாற வேண்டும்.

உறுப்பு மாற்றம் பயன்தரும் இடங்களும் உள்ளன. ஒலிக்குறிகை செல்லும் பாதையிலுள்ள சிலவகைச் செராமிக் மின்தேக்கிகள் அதிர்வையே மின்னோசையாக மாற்றிவிடும். அங்கு ஃபிலிம் மின்தேக்கி மேலானது. ஆனால் மழைக்காலத்தில் எழும் படபடப்பு இரைச்சலுக்குப் பல வேளைகளில் காரணம், கேப்சூலை அடுத்துள்ள மிகை மின்தடைப் பகுதியில் படிந்த ஈரமும் விரல் எண்ணெயும்தாம். சவ்வில் படாதபடி, மின்சுற்றுப் பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதே முதலில் செய்ய வேண்டியது. அறையின் எதிரொலியையும் மின்விசிறியின் ஓசையையும் எந்த உறுப்பும் நீக்காது.

இது பாடகர்களின் கவலை மட்டுமன்று. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழியே, 10,000க்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. இத்தகைய களப்பணியைச் சொற்ப நிதியுடன் மேற்கொள்ளும் மாணவர்க்கு மலிவு ஒலிவாங்கியே கைக்கு எட்டும். ச, ஷ, ஸ ஒலிகளின் வேறுபாடு மேல் அதிர்வெண்களில் ஆற்றல் பரவியிருக்கும் முறையைப் பெரிதும் சார்ந்தது. கருவியே அப்பகுதியை மிகுத்துக் காட்டினால், பேசியவரின் இயல்பும் கருவியின் இயல்பும் கலந்துவிடும். முதிய பேச்சாளர் மறைந்தபின் மறுபதிவுக்கு வழியில்லை.

ஆகவே, மாற்றம் செய்வோர் முதலில் மின்சுற்றைப் படித்தறிய வேண்டும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரே குரலை, ஒரே தொலைவில், ஒரே அறையில் பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். ஆய்வுப் பதிவாயின், எந்த உறுப்பு எந்நாளில் மாற்றப்பட்டது என்பதும் ஆவணக் குறிப்பில் இடம்பெற வேண்டும். நாளை அப்பதிவைக் கேட்பவர், தாம் கேட்பது யாருடைய ஒலி என்பதை அக்குறிப்பைக் கொண்டே பிரித்தறிய முடியும்.