எழுபத்து மூன்றின் சொந்த ஊர்

1729 என்றவுடனே ராமானுஜனும் கும்பகோணமும் நம் நினைவுக்கு வருகிறார்கள். 73 என்றால்? திருநெல்வேலிச் சீமையார் 'அது எங்கள் எண்' என்று தாராளமாக உரிமை கொண்டாடலாம். அல்வாவைப் பற்றிப் பேசும் உற்சாகத்தில் கால் பங்கை இதற்கு ஒதுக்கினாலும் போதும்.

தாம்பிரபரணியில் போய்ச் சேருகிற சிற்றாறு அருவியாய் விழும் குற்றாலத்துக்குச் சமீபத்தில் வல்லம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1901-ல் பிறந்தவர் சிவசங்கரநாராயண பிள்ளை. குழந்தைப் பருவத்தில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையையும் இழந்தார். ஆசிரியர் ஒருவரின் ஆதரவினால் படிப்பு நில்லாமல் நடந்தது. பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் அவர் விரிவுரையாளராக இருந்த நாளில்தான் 73 அவர் கைக்கு வந்தது.

விஷயம் இதுதான். 2-ஐ ஆறு தரம் எழுதிப் பெருக்கினால் 64; 3-ஐ அப்படிப் பெருக்கினால் 729; 4-ஐப் பெருக்கினால் 4096. இவற்றுக்கு ஆறாம் படி எண்கள் என்று பெயர். 1-க்கு ஆறாம் படியும் 1-தான். இந்த எண்களை மட்டும் கூட்டி எந்த முழு எண்ணையும் உண்டாக்க வேண்டுமானால், அதிகபட்சம் எத்தனை எண்கள் தேவைப்படும்? இவ்வகைக் கேள்விக்கு 1770-ல் வித்திட்டவர் வாரிங் என்ற ஆங்கிலேயர். வர்க்கத்துக்கு 4, கனத்துக்கு 9, நாலாம் படிக்கு 19 என்று நிரூபணம் இல்லாமலே சொல்லி, 'இப்படியே மேலும்' என்று முடித்துவிட்டார். பெரிய மனிதர்களின் 'இப்படியே மேலும்' பின்னால் வருகிறவர்களை என்ன பாடு படுத்துகிறது!

1957-க்கு முந்திய நாணயக் கணக்கு தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரூபாய்க்கு 64 காலணா. ஒரு விசித்திர ராஜ்யத்தில் காலணாவும் ரூபாயும் மட்டுமே செலாவணி. அதற்கு அடுத்த நாணயம் 729 காலணா, அதாவது பதினொரு ரூபாய் ஆறே காலணா. அங்கே பத்து ரூபாய் பதினைந்தே முக்காலணாவுக்குச் சாமான் வாங்கினால் என்ன செய்வது? பெரிய நாணயம் உதவாது. பத்து ரூபாய் நாணயமும் 63 காலணாவும் எண்ணி வைக்க வேண்டும். ஆக 73. எண்ணாகச் சொன்னால், 703-க்கு 73 ஆறாம் படிகள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நடக்காது.

இவ்வளவும் சிலேட்டில் முடிந்துவிடும். ஆனால் 73-க்கு மேல் கேட்கிற எண் எங்குமே கிடையாது என்பதை எந்தச் சிலேட்டில் எழுதிப் பார்ப்பது? எண்களுக்கு முடிவில்லையே! ஹார்டி, லிட்டில்வுட், ருஷ்யரான வினோகிராதோவ் ஆகியோர் வகுத்த முறைகளால், ஓர் எல்லைக்கு அப்பாற்பட்ட எண்களை அடக்கிவிடலாம். அந்த எல்லையோ மலைக்க வைக்கும் பெரிய எண். கீழிருந்து படிப்படியாக ஏறி அதைத் தொட்டாக வேண்டும். ஏழும் அதற்கு மேலுமான படிகளுக்கு, ஒரு நிபந்தனையின் பேரில், பிள்ளையும் அமெரிக்கரான டிக்ஸனும் 1936-ல் தனித்தனியே வழி கண்டிருந்தார்கள். ஆறாம் படி மட்டும் பிடி கொடுக்காமல் இருந்தது. 1940-ல் பிள்ளை அதையும் முடித்தார். அந்தக் கட்டுரை சீமைக்குப் போகவில்லை. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையிலேயே வெளிவந்தது.

1950-ல் அமெரிக்காவில் கூடிய உலகக் கணித மாநாட்டுக்கும், பிரின்ஸ்டனில் ஓராண்டு ஆராய்ச்சிக்கும் அவர் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ந் தேதி கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49.

வேடிக்கை என்னவென்றால், அப்போது ஆறாம் படிக்குக் கீழே இருந்த இரண்டு படிகள் இன்னும் தீராமல் கிடந்தன. ஐந்தாம் படிக்கு விடை 37 என்று, 73-ஐத் திருப்பிப் போட்டாற்போல், 1964-ல் சீனரான சென் ஜிங்ருன் நிரூபித்தார். நாலாம் படியின் 19-க்கு 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நிரூபித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் சென்னையில் பணிபுரிந்த பாலசுப்பிரமணியன்.