கேள்வி ஞானமும் பேஸ் கிட்டாரும்

முறையான பாடம் எதுவுமின்றி ஒரு கருவியை வாசிக்கக் கற்றவரைக் 'கேள்வி ஞானம் உள்ளவர்' என்று சொல்வது தமிழ் வழக்கு. அச்சொல்லில் வியப்பும் உண்டு. சற்றே குறைத்து மதிப்பிடும் தொனியும் உண்டு. சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு கல்லூரி மாணவர் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, கைப்பேசியை எதிரே நிறுத்திக் காணொளிகளைப் பார்த்துப் பழகத் தொடங்கினால், அவரைக் குறித்தும் இவ்விரண்டு குரல்களே எழுகின்றன. இணையத்தில் எல்லாம் இருக்கும்போது ஆசிரியர் எதற்கு என்பது ஒன்று. குருவின்றி வித்தை வராது என்பது மற்றொன்று. பேஸ் கிட்டார் எத்தகைய கருவி என்பதை இரண்டு குரல்களுமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சித்தூர்ப் பகுதி இசைக்கல்வியில் வறண்ட நிலமன்று. புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் குருகுல முறையில் கற்றவர். 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். பல தாளக் கருவிகளை ஒரே மேடையில் அமர்த்தி 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி நடத்திய நாயனாப் பிள்ளையின் லயப் பிடிப்பு அந்தச் சீடர் வழியாக அடுத்த தலைமுறைக்கும் சென்றது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேசுவர இசை நடனக் கல்லூரி வாய்ப்பாட்டையும் வீணையையும் வயலினையும் மிருதங்கத்தையும் நாகசுரத்தையும் கற்பித்து வருகிறது. அங்கே பேஸ் கிட்டாருக்கு இடமில்லை. அதன் நோக்கத்தைக் கருதினால் அதில் குறை காணவும் முடியாது. மேலை இசையை முறையாகப் பயில வேண்டுமாயின் 2008இல் தொடங்கப்பட்ட கே.எம். இசைக் கல்லூரி போன்றவற்றைத் தேடிச் சென்னைக்குச் செல்ல வேண்டும். சித்தூரிலிருந்து அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆகவே இவ்வூர் மாணவர் தாமே கற்பதைத் தன்னார்வத்தின் அடையாளமாகவோ அடங்காமையின் அடையாளமாகவோ காண்பதில் பொருளில்லை. பெரும்பாலும் அது அவர் இருக்கும் ஊரின் விளைவு.

கேள்வி ஞானத்துக்கு முதல் தேவை, கேட்பது. பேஸ் கிட்டாரைப் பொறுத்தவரை முதல் இடர்ப்பாடே அங்குதான் தொடங்குகிறது. நான்கு தந்திகளுள் மிகத் தடித்ததன் அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 41. அடுத்தடுத்தவை 55, 73, 98. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் இந்தத் தாழ்ந்த அதிர்வுகளை ஏறக்குறைய எழுப்பவே இயலாது. அடிப்படைச் சுரம் வராத நிலையில், அதன் மேற்சுரங்களான 82, 123, 164 ஆகியவற்றைக் கொண்டு மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கேட்பவர் பேஸைக் கேட்டதாகவே நினைப்பார். ஆனால் அந்தச் சுரம் எந்த ஸ்தாயியில் ஒலித்தது, எவ்வளவு நேரம் நீண்டது, எங்கே அடக்கப்பட்டது என்பவை தெளிவாக விளங்கா. மூன்றாவதே முதன்மையானது. பேஸ் வாசிப்பில் சுரத்தைத் தொடங்குவதற்கு ஈடான வேலை அதை நிறுத்துவதில் இருக்கிறது. விலை குறைந்ததாயினும் காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்று, பத்துக் காணொளிகளைவிட இந்த மாணவருக்குப் பயன்படும்.

கேட்பதற்கான நூலகம் இவ்வட்டாரத்தாருக்கு வேண்டிய அளவு உண்டு. 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) முதலிய படங்களில் இளையராஜா அமைத்த பேஸ் வரிகள் பாட்டுக்குக் கீழே தனியொரு பாட்டாக நடப்பவை. தெலுங்கில் 'கீதாஞ்சலி'யாக 1989இல் வந்து, தமிழில் 'இதயத்தைத் திருடாதே' ஆன படத்தின் பாடல்களை இரு மொழியிலும் கேட்டு வளர்ந்தவர்கள் சித்தூரில் ஏராளம். சொற்கள் மாறியபோதும் கீழே ஓடும் வரி மாறாததை உணர்ந்த காது பேஸைப் பிரித்தறியப் பாதி கற்றுவிட்டது எனலாம். இதற்கு மாறாக, இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் 'டேப்' குறிப்புகள் எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட்டில் விரலை வைக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன. பெரும்பாலானவற்றில் கால அளவு இருப்பதில்லை. தாளத்தை விட்டுவிட்டுப் பேஸைக் கற்பது உப்பை விட்டுவிட்டுச் சமையல் கற்பதைப் போன்றது. மிருதங்கச் சொற்கட்டுகளைப் பிறர் சொல்லக் கேட்டுப் பழகிய மாணவர் இவ்வகையில் முன்னிலையில் இருக்கிறார். பலருக்கு அது தெரிவதில்லை.

காதுக்கு வழி உண்டு. கைக்குத்தான் இல்லை. வழக்கமான பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 34 அங்குலம். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். சாதாரண மின்கிட்டாரில் அதே இடைவெளி 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. காணொளியில் ஒருவர் ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நான்கு விரல்களையும் விரித்து வைப்பதைப் பார்த்துத் தொடக்கநிலையாளரும் அப்படியே விரிக்கிறார். மணிக்கட்டு வளைகிறது, கட்டைவிரல் அழுந்துகிறது. சில வாரங்களில் வலி தொடங்குகிறது. வலியைத் தம் சோம்பலின் தண்டனை என்று நினைத்து மேலும் பயில்வோர் உண்டு. கழுத்தின் தாழ்ந்த பகுதியில் மூன்று ஃபிரெட்டுகளுக்குள் முதல், இரண்டாம், நான்காம் விரல்களால் வாசிக்கும் முறை பெரிய டபுள் பேஸ் கருவிக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே பாடநூலாகிவிட்டது. அருகில் இருக்கும் எவரேனும் ஒரு நிமிடத்தில் திருத்தக்கூடிய பிழை இது. காணொளி கையைக் காட்டும்; பார்ப்பவரின் கையை அது பார்க்காது. இவ்விவாதத்தில் தவறாமல் அழைக்கப்படும் ஏகலைவனையும் இவ்விடத்தில் நினைக்கலாம். துரோணர் அவன் கையைக் கருத்தூன்றி நோக்கியது விரலைக் கேட்டபோதுதான்.

தாமே கற்ற மேதைகள் என்று சுட்டப்படுவோரின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பால் மெக்கார்ட்னி பேஸுக்கு ஆசிரியரிடம் பாடம் கேட்டவரல்லர்; இசைக் குறிப்பு படிக்கவும் அறியாதவர். ஆனால் 1961இல் குழுவின் பேஸ் கலைஞர் விலகியபின் அக்கருவி அவர் கைக்கு வந்தபோது, ஹாம்பர்க் விடுதிகளில் இரவுதோறும் பல மணிநேரம் வாசிக்கும் குழு அவரைச் சுற்றி இருந்தது. மோட்டவுன் பாடல்களின் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டியவர். எந்தத் தேர்வாளரும் அதைப் பிழையென்றே குறித்திருப்பார். அவர் முதலில் தொட்ட டபுள் பேஸ் டெட்ராய்ட் நகரப் பள்ளியொன்றில் இருந்த கருவி. ஒருவருக்குக் குழு கிடைத்தது, மற்றவருக்குப் பள்ளி ஒரு கருவியைத் தந்தது. 'தாமே கற்றவர்' என்ற சொல் இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது.

வீணையைத் தனியே வாசிக்கலாம். கேட்பவருக்கும் நிறைவு உண்டு. பேஸ் கிட்டாரைப் பெரும்பாலோர் பிறருக்குத் துணையாகவே வாசிக்கிறார்கள். டிரம்ஸின் அடியோடு ஒட்டவும், பாடகர் மூச்சுவிடும் இடத்தில் ஒதுங்கவும் தெரிவதே அதன் வித்தை. அறைக்குள் தனியாக ஓராண்டு பயின்றவர் முதன்முறை மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடற்குழுவிலோ அமரும்போது திகைப்பது திறமைக் குறைவால் அன்று. அதுவரை அவர் எவரோடும் வாசித்ததில்லை. டிரினிட்டி நிறுவனத்தின் ராக் அண்ட் பாப் தேர்வுகளில் பேஸுக்கும் எட்டு நிலைகள் உண்டு. தாமே கற்றவரும் எழுதிச் சான்றிதழ் பெறலாம். அத்தேர்விலும் துணையாக வருவது முன்பே பதிவுசெய்த இசைத்தடம். வாசிப்பவர் பிந்தினாலும் அது நிற்காது. அவருக்காக வேகத்தைக் குறைக்கவும் செய்யாது.

ஆகவே திருப்பதியிலும் சித்தூரிலும் பேஸ் வகுப்பு இல்லையே என்பதைவிடச் சேர்ந்து வாசிக்கும் அறை இல்லையே என்பதே பெரிய குறை. திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் உண்டு. 1983 முதல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் உண்டு. சித்தூரைச் சுற்றிக் கல்லூரிகள் பல. ஆம்ப்ளிஃபயர் ஒன்று, எளிய டிரம்ஸ் ஒன்று, மாலையில் திறந்திருக்கும் கதவு: இவ்வளவுக்குப் பாடத்திட்டக் குழுவோ பேராசிரியர் பணியிடமோ வேண்டியதில்லை. இரவு நேர ஒத்திகைக்கு வெளியே செல்லும் மாணவர்கள் எப்படியேனும் ஒரு குழுவைக் கண்டடைவார்கள். விடுதி நேரத்துக்குள் திரும்ப வேண்டிய மாணவியருக்கு அவ்வழியும் இல்லை. வளாகத்துக்குள் அறை இல்லையென்றால் அவர்களுக்கு ஹெட்ஃபோன் மட்டுமே மிச்சம். இரைச்சல் என்ற எதிர்ப்பு வரும். வகுப்புகள் முடியும் நேரத்துக்கும் விடுதிக் கதவு மூடும் நேரத்துக்கும் இடையில் ஒன்றரை மணிநேரம், வாரத்தில் இரண்டு நாள் என்று தொடங்கினால், நூலகத்துக்கு எட்டாத மூலையொன்று எந்த வளாகத்திலும் கிடைக்கும்.