பதினெட்டு வயதுப் பிள்ளை

வெண்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து இருவர் இருவராய்ச் செல்லும் மோர்மன் இளைஞரைக் கொழும்பிலே வாசகர்கள் கண்டிருக்கலாம். 2012 முதல் ஆண்பிள்ளைக்கு 18 வயதானால் போதும். பெரும்பாலும் சொந்தச் செலவிலே 2 ஆண்டு ஊழியம். வாரம் முழுதும் அலைச்சல். திங்கட்கிழமைதான் துணி துவைப்பதும் வீட்டுக்கு மடல் வரைவதும். தாயின் குரலைக் கேட்பதோ ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்மசுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பெப்ரவரியிலேதான் வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது.

மதம் மாற்றும் பணி நமக்கு உவப்பானதன்று, அதை மறைப்பானேன்? ஆயினும் அச்செய்தியைப் படித்தபோது, எல்ல நிலையத்திலே நாம் இரவு வண்டியேற்றி அனுப்பிய மாணவன் நினைவுக்கு வந்தான். அதே வயது, லயத்திலே பிறந்தவன், இன்று கொழும்பிலே கடைச் சிப்பந்தி. ஞாயிறு மாலைதோறும் அவன் தாய் கைப்பேசியுடன் மேட்டிலே ஏறி நிற்கிறாள். லயத்துக்குள் அலை எட்டுவதில்லை.