துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

புதுவைவாசிகளுக்குத் துருவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடற்கரைத் தெருக்களில் ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்வதைப் பார்க்காதவர் யார்? அதே உப்புக் காற்றுதான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் மீதும் வீசுகிறது.

ஆலைகளில் எண்ணெயும் ரசாயனமும் தேக்கும் இரும்புத் தொட்டிகளுக்கு வெளியே வர்ணம் பூசினால் பார்வைக்கு அழகுதான்! அடித்தகட்டை அது காப்பாற்றுமா?

2014 ஜனவரியில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், உட்புறமாகத் தொடங்கிய துரு ஒரு தொட்டியின் அடித்தகட்டை ஓட்டை போட்டது. ரசாயனம் ஆற்றில் கலந்தது. சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் தவித்தார்கள். 1988-ல் பிட்ஸ்பர்க் அருகே கதை வேறு. வெல்டிங்கை ஒட்டியிருந்த பழைய குறையிலிருந்து டீசல் தொட்டி பிளந்தது. முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமலே டீசலை ஏற்றியிருந்தார்கள்.

சோதனை ஒன்றும் மாயவித்தை அல்ல. மீயொலிக் கருவியை வைத்தால் தகட்டின் கனம் தெரிந்துவிடும். 6 மில்லிமீட்டர் தகடு பத்து வருஷத்தில் 4 ஆகியிருந்தால், இன்னும் பத்து வருஷத்தில் என்ன மிஞ்சும்? கணக்கை யாரும் போடலாம். வெல்டிங் மீது சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடி மூடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற சூத்திரம்தான்!

ஆனால் அதற்குத் தொட்டியைக் காலி செய்து, கழுவி, விஷவாயு இல்லையென்று உறுதி செய்த பிறகே ஆளை இறக்க வேண்டும். அத்தனை நாளும் வேலை நிற்கும். முதலாளிகள் தள்ளிப்போடுவது இங்கேதான். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இதற்கென்று தனி விதிமுறை உண்டு. அந்தக் கண்டிப்பு சிறு ஆலைகளுக்கும் வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரி வர்ணத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், அடித்தகட்டின் கனம் எழுதிய ஏட்டை முதலில் கேட்கட்டும்.