மூட்டையின் பெயரை மறையுங்கள்

ஆரணி அரிசியா, தஞ்சாவூர் அரிசியா? திருவண்ணாமலையில் எந்த அரிசிக் கடையில் இந்தப் பேச்சை எடுத்தாலும் அரை மணி நேரம் ஓடிவிடும். ஆரணி எங்கள் மாவட்டம். தீர்ப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை. "ஒரு வருஷத்துப் பழசு சார், சோறு பொலபொலன்னு உதிரும்" என்பார் கடைக்காரர். அதற்குச் சாட்சி, 26 கிலோ மூட்டையில் அச்சடித்த ஊர்ப்பெயர்தான். (2022இல் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் மூட்டைக்கு ஒரு கிலோ கூடிவிட்டது, அது தனிக்கதை.)

ஊர்ப்பெயரை மறைத்துச் சோதித்த ஒருவர் பாரிஸில் இருந்தார். ஸ்டீவன் ஸ்பரியர், அங்கே ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர். 1976 மே 24 அன்று ஒன்பது பிரெஞ்சு நடுவர்களை உட்காரவைத்து, எந்த பாட்டில் என்று காட்டாமல் ஊற்றிக் கொடுத்தார். சிவப்பு ஒயினில் பிரான்ஸின் போர்தோவிலிருந்து நான்கு, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து ஆறு. முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973க்குப் போனது. பேர்பெற்ற போர்தோ ஒயின் முத்தோன் ராத்ஷீல்ட் 1970 இரண்டாவது. ஒடெட் கான் என்ற நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டாராம்!

போர்தோக்காரர்கள் விடவில்லை. எங்கள் சரக்கு மெல்லத்தான் பக்குவப்படும், அவர்களுடையது வயதானால் சரிந்துவிடும் என்றார்கள். வாதம் நியாயமானதுதான். 2006இல், அதே மே 24 அன்று, லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி திறந்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு! 1976இல் ஐந்தாவதாக வந்த ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971 இப்போது முதலிடம்.

அரிசியிலும் வயதுதான் பெரிய வித்தை. புது அரிசி குழையும். பழசு தண்ணீரைக் கூடுதலாக வாங்கி, உதிரியாகப் பொங்கும். கல்யாணச் சமையல்காரர் ஒரு பிடி அள்ளி, நாலு அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டார். நாம்தான் படிக்கிறோம். நாம் ஊர்ப்பெருமை பேசும் வெள்ளைப் பொன்னி என்ற அரிசி ரகமோ, தைவான் ரகமும் மலேசிய ரகமும் கலந்த வழியில் பிறந்தது. 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

ஆரணி, தஞ்சாவூர் ஆலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ரகம், ஒரே அறுவடை ஆண்டு, ஆளுக்குப் பத்து கிலோ கொடுங்கள். ஒரே சமையல்காரர் வடிக்கட்டும். சாம்பார் வேண்டாம், குற்றத்தை மறைத்துவிடும். உப்பும் மோரும் போதும். இலைக்கு எண் மட்டும் இருக்கட்டும். ஆரணி தோற்றாலும் முடிவை இதே பத்தியில் எழுதுகிறேன்.